வெந்நீர் அண்ணியின் மீன்தொட்டி

எங்கள் கட்டடத்தில் அண்ணிக்கு வெந்நீர் என்று பெயர். நான் வைத்ததில்லை. வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் காரமாக வைத்திருப்பேன். கீழ்வீட்டுக்காரர்கள் வைத்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கு முட்டி சிராய்த்தாலும், யார் வீட்டுப் பால்புட்டியின் மூடி தரையில் விழுந்தாலும், அண்ணி வாயில் முதலில் வருவது "வெந்நீர்ல போடு" என்பதுதான். "வெந்நீர் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு தபால்காரரே மாடிப்படி ஏறுகிறார்.

நான் அவர்கள் வீட்டுக்கு மேல் அறையில் தனியாக இருப்பவன். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதுவே என்னை மறந்துவிட்டது. சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. விரலிடுக்கில் எப்போதும் கறுப்புப் பொடி இருக்கும். அண்ணி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். வாசலில் ஒரு தொட்டி, ஒரு சோப்பு, இரண்டு துண்டு. ஒன்று வெளியிலிருந்து வருபவர்களுக்கு, இன்னொன்று வீட்டில் இருப்பவர்களுக்கு. தினமும் இங்கேயே கொட்டிக்கொள்கிற எனக்கு இன்னும் வெளியாள் துண்டுதான்.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கிருமி நீக்கும் அறையில். ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி, துணி எல்லாம் ஒரு ஜன்னல் வழியாக அழுக்காக உள்ளே வரும். கழுவி, துடைத்து, எண்ணி, பச்சைத் துணியில் மடித்துக் கட்டி, நீராவியில் வேகவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே அனுப்புவார்கள். இரண்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நடுவில் ஆள் உயரத்துக்கு எஃகு உருளைகள். "பெரிய குக்கர்" என்று நான் சொன்னால் அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்கும். சரியாக வெந்து வெளியே வந்தால் அதில் மறைந்திருக்கும் கோடுகள் கறுத்துத் தெரியும். அண்ணி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவார். ஒருமுறை அந்த ஆஸ்பத்திரியில் மிஷின் பார்க்கப் போனபோது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருக்கும் மனுஷி, அங்கே வாயே திறக்காமல், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்த வேலையின் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறையில் இரண்டு குக்கர். ஒன்று சாப்பாட்டுக்கு. இன்னொன்று சீப்பு, நகவெட்டி, ஊசி, புட்டி, தண்ணீர்பாட்டில் மூடி என்று அகப்பட்டதையெல்லாம் வேகவைக்க. விசில் சத்தம் கேட்டால் சாப்பாடா சாமானா என்று அண்ணனுக்கே தெரியாது. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு குறைவு. சொன்ன இடத்தில் கை கழுவுவார், சொன்ன துண்டில் துடைப்பார், தட்டு வரும்வரை காத்திருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். இப்போது நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறாள், வெயிலில் நின்று ஊரையே அளக்கிறாள், ஆனாலும் குட்டிதான்.

குட்டிக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு பூனை உண்டு. குட்டி பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்கிருந்தோ ஒரு சாம்பல்நிறப் பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது மூச்சிழுப்பு இருந்தது. பூனை முடி ஆகாது என்று அண்ணிக்குப் பயம். அந்தப் பயத்தில் தப்பில்லை, இரவெல்லாம் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் பிள்ளையிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குட்டி பள்ளிக்கூடம் போன நேரத்தில் பூனையை யாரிடமோ கொடுத்துவிட்டு, "கதவு தெறந்திருந்துச்சு, ஓடிப் போச்சு" என்றார். குட்டி மாதக்கணக்கில் படிக்கட்டில் பால் வைத்துக் காத்திருந்தாள். பிறகு ஒருநாள் அடுத்த தெரு மளிகைக் கடையில், அரிசி மூட்டையின்மேல் கொழுகொழு என்று அது படுத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கடைக்காரர் வெள்ளந்தியாக, "உங்கம்மா குடுத்ததும்மா" என்று சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து அம்மாவிடம் எதையும் கொடுத்து வைப்பதில்லை, அவ்வளவுதான். தன் துணியைத் தானே துவைத்தாள். அலமாரிக்குப் பூட்டு போட்டாள். வேலை கிடைத்ததும் வேறு ஊரில் அறை எடுத்துக்கொண்டாள். ஃபோனில் "சாப்டியா, சாப்டேன், மழையா, இல்லை" என்பதற்குமேல் இருவருக்கும் பேச்சு வளராது. அண்ணி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த நாலு வார்த்தை ஃபோனுக்காக வேலைக்கு நடுவில் வெளியே வந்து நிற்பார் என்று அவருடன் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருமுறை சொன்னாள்.

அப்படிப்பட்ட குட்டி, மீன்தொட்டியோடு வந்து நின்றாள்.

அவளைப் பயிற்சிக்கு இன்னோர் ஊருக்கு அனுப்புகிறார்கள், பல மாதம் ஆகும், விடுதியில் மீன்தொட்டி வைக்க விடமாட்டார்கள். கேட்டுப் பார்த்த சிநேகிதிகள் எல்லாம் கைவிரித்துவிட்டார்கள். வேறு வழியே இல்லாமல்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தொட்டியில் நான்கு தங்கமீன்கள். அதில் பெரியது ஆரஞ்சு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். சின்னது ஒன்று முழுக் கறுப்பு. மற்ற இரண்டும் மேனேஜருக்குப் பயந்து ஒன்றாகவே திரியும்.

அண்ணன் தன் வேனில்தான் எல்லாவற்றையும் ஏற்றி வந்தார். வழியில் ஒரு பள்ளத்தில் வேன் தூக்கிப் போட்டதில் ஃபில்டர் மோட்டாருக்கு உள்ளே இருக்கும் சின்ன விசிறி உடைந்துவிட்டது. குட்டி பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தாள்.

"புது ஃபில்டர் ஒண்ணு இன்னைக்கே வாங்கிப் போட்டுடுங்க. எது வேணா வாங்கிக்கோங்க. ஆனா இந்தப் பழைய ஸ்பாஞ்சைத்தான் அதுக்குள்ள போடணும். புதுசு போடாதே. அம்மா, கேக்குதா? பழைய ஸ்பாஞ்ச்."

"கேக்குது, பழைய ஸ்பாஞ்ச்."

"தண்ணியை ஒரு நாள் வாளியில புடிச்சு வெச்சிட்டு ஊத்து. வேற எதையும் தொடாதே."

"தொடலை."

குட்டி போனபிறகு அண்ணி தொட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவரை ஒரு பார்வை பார்த்தது. "என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா தம்பி" என்றார் என்னிடம். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இந்த மீன்களுக்கு ஏதாவது ஆனால் குட்டி இனி இந்த வாசலில் ஒரு குடையைக்கூட வைத்துவிட்டுப் போகமாட்டாள். அது எங்கள் மூவருக்கும் தெரியும், மீனுக்குத்தான் தெரியாது.

ஃபில்டர் வாங்க மூவருமாகப் போனோம். வண்ணமீன் கடை ஒரு சந்துக்குள், மாடிப்படியின் அடியில் இருந்தது. உள்ளே போனால் நாலு பக்கமும் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் கேட்டதற்கு ஒரு பதில் சொல்லமாட்டார், ஐந்து சொல்வார். காற்றுப் பம்பில் ஓடும் வெறும் ஸ்பாஞ்ச் ஒன்று இருந்தது, எளிமையானது, ஆனால் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியின் விளிம்பில் தொங்கவிடுகிற பெட்டி ஒன்று, தண்ணீரை இழுத்து ஸ்பாஞ்ச் வழியாக அருவி மாதிரி திரும்ப ஊற்றும். தொட்டிக்குக் கீழே வைக்கிற பெரிய டப்பா ஒன்று, இரண்டு குழாயும் நாலு அடுக்கும் கொண்டது. நாற்றத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளக் கரித்தூள் பை. கிருமியைக் கொல்ல யூவி விளக்கு.

அண்ணனுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. "நாலு செடி வெச்சா அதுவே தண்ணியைச் சுத்தம் பண்ணிக்கும். சத்தமும் இல்லை" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

"தங்கமீன் செடியை வேரோட தின்னுடும் சார்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அந்தப் பெரிய டப்பா மேல் ஆசை. திருகுகள், வளையங்கள், மோட்டார், குழாய். அதைப் பிரித்து மாட்டுவதற்காகவே மீன் வளர்க்கலாம் என்று தோன்றியது. சொன்னேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இதுல கிருமியைக் கொல்றது எது?" என்று கேட்டார்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. கடைசியில் விளிம்பில் தொங்கும் பெட்டி, அதனுடன் சேர்த்து மாட்டுகிற யூவி விளக்கு என்று முடிவானது. "ஸ்பாஞ்ச் பழசு இருக்கில்லம்மா? அதையே உள்ள போட்டுடுங்க" என்று அவரும் மறக்காமல் சொன்னார்.

"போட்டுடறேன்" என்றார் அண்ணி.

போட்டார். யாரும் குறை சொல்ல முடியாதபடி போட்டார். நான் மிஷின் பார்க்கக் கிளம்பிவிட்டேன், அண்ணன் வேன் எடுக்கப் போய்விட்டார். மாலையில் திரும்பி வந்தபோது பெட்டியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, விளக்கு நீலமாக எரிந்தது, தொட்டி துலக்கிவைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது. அடியில் இருந்த கூழாங்கல்கூட ஒவ்வொன்றாகப் பளபளத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, "வெந்நீர் அக்கா கைன்னா சும்மாவா?" என்று வியந்துவிட்டுப் போனார்கள். அண்ணி படம் எடுத்துக் குட்டிக்கு அனுப்பினார். ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அந்தக் கட்டைவிரலை அண்ணி எனக்குக் காட்டினார், அண்ணனுக்குக் காட்டினார், கீழ்வீட்டுக்கும் காட்டியிருப்பார்.

சில நாட்களில் மேனேஜர் மேற்பார்வையை நிறுத்திவிட்டது. தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. மற்றவையும் அப்படியே. கறுப்பு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. கடைக்காரர் கொடுத்தனுப்பிய சோதனைத் தாளை அண்ணி தண்ணீரில் முக்கினார். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையாக மாறியது. அண்ணி பெருமூச்சு விட்டு, "மாறிடுச்சு, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வேலையில் நிறம் மாறினால் தேறியது என்று அர்த்தம். நான் அந்தத் தாள் வந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். இங்கே மாறாமல் இருந்தால்தான் நல்லது. பச்சை என்றால் தண்ணீரில் விஷம். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலையில் கறுப்பு செத்து மிதந்தது.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டோம். அண்ணி ஃபோனைக் காதில் வைக்கமாட்டார், அதிலும் கிருமி. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துத்தான் பேசுவார். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"பழைய ஸ்பாஞ்ச் போட்டீங்களாம்மா?"

"பழசுதான் போட்டேன்."

"கழுவாமத்தானே?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். "கழுவாம எப்படிங்க? ஒரே வழவழன்னு பழுப்பா இருந்துச்சு. நல்லா அலசி, குக்கர்ல மூணு விசில் விட்டு, வெயில்ல காயவெச்சுத்தான் போட்டேன். கல்லையும் அப்படியே."

அந்தப் பக்கம் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா," என்றார் கடைக்காரர், பாவம், மெதுவாகத்தான் சொன்னார். "மீனோட கழிவு தண்ணியில விஷமா மாறும். அந்த விஷத்தைத் தின்னு வாழற கிருமிங்க இருக்கு. அதுங்க குடியிருக்கிறது அந்த வழவழப்புலதான். அது அழுக்கு இல்லம்மா. அதுதான் உங்க ஃபில்டரே. பெட்டி, மோட்டாரெல்லாம் சும்மா தண்ணியைத் தள்ளிவிடத்தான்."

"அப்ப அந்த விளக்கு?"

"அது தண்ணியில மிதக்கிறதை மட்டும் கொல்லும். அதுமேல தப்பில்லை. அதுங்க வீட்டைத்தான் நீங்க வேகவெச்சுட்டீங்க."

ஃபோனை வைத்தபிறகு அண்ணி வாசல் தொட்டியருகே போய் நின்றார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். குழாயைத் திறக்கவே இல்லை. "இத்தனை வருஷமா கொன்னிருக்கேன் தம்பி. இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு ஒருநாளும் பிரிச்சுப் பாத்ததில்லை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. 'கழுவாதே' என்று ஒரு வாய் வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று குட்டிமேல் கொஞ்சம் வந்தது. வேகவைத்ததைப் பார்க்காமல் கிளம்பிப்போன என்மேலும் கொஞ்சம் வந்தது. கோபத்தில் எனக்கு எப்போதும் குறுக்கு யோசனைதான் வரும்.

"அண்ணி, அதே மாதிரி கறுப்பு ஒண்ணு அந்தக் கடையிலேயே நீந்திட்டிருக்கு. நான் பாத்தேன். வாங்கி விட்டுடலாம். மத்த மூணையும் எப்படியாவது காப்பாத்திடலாம். குட்டிக்குத் தெரிய வேண்டாம்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நிமிடம் எனக்கே பயமாகிவிட்டது.

"எங்க ரூம்ல ஒரு கட்டு சரியா வேகலைன்னு சந்தேகம் வந்துச்சுன்னா," என்றார் பிறகு, "அதோட சேந்து வெந்த எல்லாக் கட்டையும் திருப்பி வாங்கணும். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல போய் நின்னு, டாக்டர் முன்னாடி, 'குடுங்க, அது சரியில்லை, என் தப்பு'ன்னு கேக்கணும். திட்டுவாங்க. திட்டட்டும்னு நின்னு வாங்கிட்டு வரணும். அங்க எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். வீட்டுலதான் செஞ்சதில்லை."

ஃபோனை மேசையில் வைத்துக் குட்டியைக் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அம்மா கூப்பிட்டதில் குட்டி பயந்துவிட்டாள்.

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது?"

"அப்பா நல்லா இருக்கார். கறுப்பு செத்துப்போச்சு குட்டி. என்னாலதான். உன் ஸ்பாஞ்சை நான் குக்கர்ல வெச்சுட்டேன்."

"எதுல?"

"குக்கர்ல. மூணு விசில்."

அண்ணி மேசைமேல் குனிந்து ஃபோனுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"நீ போடச் சொன்னதைத்தான் போட்டேன். ஆனா தொடாதேன்னும் சொல்லியிருந்தே. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை."

"மேனேஜர்?" என்றாள் குட்டி.

"மேலயே நிக்கறான். பொழைப்பானான்னு தெரியலை. பொழைச்சிடுவான்னு உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன்."

பிறகு குட்டி கேட்டாள், "சித்தப்பா சொல்லச் சொன்னாரா?"

நல்லவேளை, நான் அந்த அறையில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"சரி" என்றாள். "தண்ணியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்து. சாப்பாடு போடாதே. வேற யார் தொட்டியிலேருந்தாவது அழுக்கு கொண்டுவந்து ஊத்துங்க, ரொம்ப நாளா ஓடற தொட்டியா இருக்கணும்." அத்துடன் வைத்துவிட்டாள். அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. அண்ணனுக்கு மட்டும் 'மேனேஜர்?' என்று ஒற்றை வார்த்தை வந்துகொண்டிருந்தது.

அழுக்கு தேடுவது என் பொறுப்பானது. நான் மிஷின் பார்க்கும் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தின் வரவேற்பில், கதவு அகலத்துக்கு ஒரு மீன்தொட்டி உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். "மிஷினை மட்டும் ஒழுங்கா ஓடவெச்சுக் குடுங்க, தொட்டியையே பிழிஞ்சு எடுத்துக்கோங்க" என்றார். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் வாளியில் எடுத்து, அவர்கள் ஸ்பாஞ்சை அதில் பிழிந்தேன். குழம்பிய சேற்றுநிறம், மழைக்காலச் சாக்கடை வாசம். மூடி போட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் வேனில் வந்தேன். பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தன.

வாளி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள் துண்டில்கூடத் துடைக்கமுடியாத சாமான் அது. கையுறையை எடுத்து மாட்டினார். "அதுல மருந்து வாசம் அடிக்குது அண்ணி, கழட்டிடுங்க" என்றேன். கழற்றினார். தன் கையால் வேகவைத்த ஸ்பாஞ்சை எடுத்து அந்தச் சேற்றில் முக்கினார். முகம் சுளித்ததை மறைக்கவில்லை. முக்கி, அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, மாவு பிசைவதுபோல நிதானமாகப் பிசைந்தார். முழங்கைவரை பழுப்பு. பிறகு அதைப் பெட்டிக்குள் பொருத்தி, விளக்கை அணைத்து, வாளியில் மிச்சம் இருந்ததையும் தொட்டியில் ஊற்றினார். அத்தனை நாள் கண்ணாடி போல இருந்த தண்ணீர் கலங்கி, மேனேஜரே கண்ணுக்குத் தெரியாமல் போனது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை, பொறுத்திருப்பதைத் தவிர. அண்ணிக்கு அதுதான் தண்டனை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் பழைய தண்ணீர் கொஞ்சம் எடுத்துவிட்டு, வாளியில் வைத்திருந்ததை மெதுவாக ஊற்றுவார். திரும்பி வந்து தாளை முக்குவார். பச்சை குறைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கண்ணாடியில் பாசி படர ஆரம்பித்தது, கூழாங்கல்லில் பழுப்பு ஏறியது. துணியை எடுத்துக்கொண்டு அருகில் போவார், நிற்பார், துணியை மடித்து வைத்துவிடுவார். ஒருநாள் தாள் மஞ்சளாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. மேனேஜர் கீழே இறங்கி, மற்ற இரண்டையும் விரட்டிக்கொண்டு மேற்பார்வைக்குக் கிளம்பியது. அண்ணி அதைப் படம் எடுத்துக் குட்டிக்கு அனுப்பினார். கட்டைவிரல் வரவில்லை, ஃபோனே வந்தது. ஸ்பீக்கரில்தான். முழுக்க முழுக்கத் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். அன்றிலிருந்து மாலைகளில் அந்தப் பேச்சு நடந்தது. நான் சாப்பாட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து, நானே போட்டுக்கொள்ளக் கற்றேன்.

பயிற்சி முடிந்து, அந்த ஊரிலேயே குட்டிக்கு வேலையும் போட்டுவிட்டார்கள். தன் சாமான்களை எடுத்துப்போக வருகிறாள் என்று அண்ணன் சொன்னார். சாமான் என்றால் தொட்டிதான், வேறென்ன இருக்கிறது? அண்ணி முந்தின நாளே அட்டைப்பெட்டி, பழைய போர்வை, மூடியுள்ள வாளிகள் எல்லாம் எடுத்து வைத்தார். எந்தப் பள்ளத்தில் வேனை எப்படித் திருப்ப வேண்டும் என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்தார். இடையிடையே தொட்டியருகே போய் நின்றார். அவருக்கு மீனைப் பிரிவதில் வருத்தம் என்று நான் நினைத்தேன். அது பாதி உண்மைதான். மீன் போய்விட்டால் பிறகு மாலையில் எதைப் பற்றிப் பேசுவார்கள்?

குட்டி வந்தாள். வாசலில் கை கழுவிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"கண்ணாடியைத் தொடைக்கலை," என்றார் அண்ணி அவசரமாக. "பாசி இருக்கு. தொடைச்சா ஏதாவது ஆயிடுமோன்னு விட்டுட்டேன்."

"முன்பக்கம் மட்டும் தொடைக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது."

"அப்படியா? சொல்லியிருக்கலாமே."

குட்டி சிரித்தாள். பிறகு அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்கு?"

"தொட்டி கொண்டுபோகத்தான்."

"இது இங்கேயே இருக்கட்டும்மா. இவனுங்க உன் தண்ணிக்குப் பழகிட்டானுங்க. நான் அங்க புதுசா ஒண்ணு வைக்கப் போறேன்." கொஞ்சம் தயங்கினாள். "அதுக்கு உன் ஸ்பாஞ்சுல பாதி வேணும்."

"என் ஸ்பாஞ்சா?"

"ஆமா. நீ வளத்ததுதானே."

அண்ணி கத்தரியைத் தேடினார். கிடைத்ததும் சமையலறைப் பக்கம் நடந்தார், பாதியில் நின்றார். "கத்தரியைக் கழுவலாமா?"

"கழுவலாம்மா. சோப்பு வேணாம்."

பெட்டியைத் திறந்து ஸ்பாஞ்சை வெளியே எடுத்தார். வழவழவென்று, பழுப்பாக, தண்ணீர் சொட்டியது. குட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அண்ணி நடுவில் வெட்டினார். ஒரு பாதி பெட்டிக்குள் திரும்பிப் போனது. இன்னொரு பாதியை, தொட்டித் தண்ணீரோடு ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, மூடி இறுகியிருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அது சாப்பாட்டு டப்பா என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். குட்டி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "காத்து போகணும், அப்பப்ப மூடியைத் தெற" என்றார் அண்ணி. குட்டி தலையை ஆட்டினாள். டிரைவர் ஏறினார்.

"அம்மா," என்றாள் குட்டி ஜன்னல் வழியாக. "தொட்டி வெச்சுத் தண்ணி விட்டுட்டு உனக்குச் சொல்றேன். நீ வந்து பாக்கணும். நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மீன் விடுவேன்."

அண்ணி அழுதுவிட்டார். பஸ் நிலையத்தின் நடுவில், அத்தனை பேர் நடுவில். அண்ணன் தன் கைக்குட்டையை நீட்டினார், அது துவைத்ததா என்றுகூடப் பார்க்காமல் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"ஃபில்டர் எது வாங்கப் போறே?" என்று கேட்டார்.

"இதே மாதிரி தொங்கற பெட்டிதான்."

"அது வேணாம். காத்துப் பம்புல ஓடுமே, வெறும் ஸ்பாஞ்ச், அது போதும். உனக்குச் சின்னத் தொட்டிதானே?"

"அது சத்தம் போடும்மா."

"போட்டா போடட்டும். கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்லை. அந்த விளக்கு மட்டும் வாங்காதே, கடைக்காரர் சொல்லுவார், கேக்காதே."

"நீதானே கேட்டு வாங்கினே!"

"அதனாலதான் சொல்றேன்."

பஸ் நகர்ந்தது. அண்ணி பேச்சை விடாமல் ஜன்னலோடு கூடவே நடந்தார்.